பொன்னுரை காண்மர்: ‘அஸே’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் மாமாவுக்கு நகைப் பட்டறை. ஒரு நாள் மேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் துண்டில் முடிந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தார். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் கிளம்பி, ஊரே திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் ரத்தானதிலிருந்து அந்த வட்டாரத்தில் கல்லைப் பார்க்கிற பார்வையே வேறு. இவர் கல் கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். வெயிலில் திருப்பினால் மஞ்சளாக மினுங்கியது. வரும் வழியில் ஏதோ ஒரு கடையில் கேரட் மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறார். திரையில் தங்கம் என்று ஒரு எண்ணும் வந்திருக்கிறது.

“அண்ணே, எத்தனை பெர்சன்ட்னு நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.”

மாமா கல்லை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். பச்சை கலந்த கறுப்பாகக் கோடு விழுந்தது. “மினுங்குறது தங்கமில்லண்ணே. ஆனா கல்லுக்குள்ள தங்கம் இருக்கா இல்லையான்னு இத வச்சுச் சொல்ல முடியாது. அதுக்கு அஸே பண்ணணும்.”

“அப்படின்னா?”

“டெஸ்ட்டு.”

அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

அஸே என்பதன் வேர் இலத்தீனில் எடை போடுதலைக் குறித்த ‘எக்ஸாகியம்’. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இரண்டு சொல்லாகப் பிரிந்தது. ஒன்று உலோகத்தைச் சோதிக்கும் அஸே, மற்றது கட்டுரையைக் குறிக்கும் எஸ்ஸே. நம்மிடமும் கட்டுரைக்குள் ஓர் ‘உரை’ இருக்கிறது, பொன்னை உரசிப் பார்ப்பதற்கும் ‘உரை’ என்றுதான் பெயர். ஒலி ஒற்றுமைதான், வேர் ஒன்று என்று நான் வாதாட வரவில்லை.

தமிழில் இதைப் பெரும்பாலும் ‘மதிப்பீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது தவறாகவே படுகிறது. மதிப்பீடு என்றால் விலை போடுவது. எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வருவது அது. ‘பகுப்பாய்வு’ தவறில்லை, ஆனால் தண்ணீரையும் பகுப்பாய்வு செய்கிறோம், தேர்தல் முடிவையும் செய்கிறோம்.

இத்தனைக்கும் இந்தத் தொழிலுக்கு மதுரையில்தான் பழைய பெயர் இருக்கிறது. மதுரைக்காஞ்சி இந்த ஊர்க் கடைத்தெருவில் கூடியவர்களை அடுக்கும்போது, நகை செய்கிறவர்களுக்கு அடுத்து ‘பொன்னுரை காண்மர்’ என்று தனியாக ஒரு கூட்டத்தைச் சொல்கிறது. நகை செய்கிறவர் வேறு, பொன்னை உரசித் தரம் பார்க்கிறவர் வேறு. சிலப்பதிகாரத்தில் கோவலன் சுற்றிவரும் மதுரைப் பொன் கடைத்தெருவில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன்னையும் பகுத்தறிந்த ‘பொலந்தெரி மாக்கள்’ வாங்க வருகிறவர்களின் தடுமாற்றம் தீரக் கொடி கட்டி வைத்திருந்தார்கள். இன்றைய ஹால்மார்க் முத்திரை செய்கிற வேலையும் ஏறக்குறைய அதுதான்.

பொன்னின் தரத்துக்கு நாம் வைத்த சொல் ‘மாற்று’. பத்தரை மாற்றுத் தங்கம் என்று மனிதரையே புகழ்கிறோம். உரசிப் பார்க்கும் கல் உரைகல், குறள் (505) அதைக் கட்டளைக்கல் என்கிறது. தரம் தெரிந்த பொன்னில் செய்து, பக்கத்தில் உரசி ஒப்பிட வைத்திருந்தது உரையாணி. இவற்றோடு பலர் மறந்துவிட்ட சொல் ஒன்றும் உண்டு: ‘மச்சம்’. உடம்பில் இருக்கும் மச்சம் இல்லை. ஆசாரியிடம் பொன்னைக் கொடுக்கும்போது, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதிலிருந்து வெட்டித் தன் கையில் வைத்துக்கொள்ளும் சிறு துண்டு.

இந்தச் சொற்கள் எல்லாமே உருக்கி எடுத்த பொன்னுக்கானவை. பாறை வேறு கதை. அந்தக் கேரட் மெஷின் எக்ஸ் கதிரை அனுப்பி மேற்பரப்பை மட்டும் படிக்கும். வைத்த பொருள் நகைதான் என்று நம்பி, தனக்குத் தெரிந்த உலோகங்களுக்குள் நூறு சதவீதத்தைப் பங்கிடுவதுதான் பல மெஷின்களின் கணக்கு. கல்லை வைத்தாலும் அதே பங்கீடுதான்.

உரைகல்லுக்கும் எல்லை உண்டு. இரும்புக் கந்தகக் கல் மஞ்சளாக மினுங்கும், உரசினால் கறுக்கும். அதுவரை அது சொல்வது சரி. (நம் வயல்காட்டில் பளபளக்கும் காக்காப்பொன் அப்பிரகம்தான், பேரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.) ஆனால் அதே கந்தகக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உண்மையான தங்கம் இருக்கவும் கூடும். ஒரு டன் பாறைக்கு ஒரு பவுன், அதாவது 8 கிராம் கிடைத்தால் அது நல்ல தாது. சதவீதத்தில் சொன்னால் 0.0008. உரசினாலும் தெரியாது, உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

அதனால்தான் நெருப்பு. கல்லை மாவாக அரைத்து, 30 கிராமோ 50 கிராமோ நிறுத்து, மிருதாரசிங்கி (ஈய ஆக்சைடு), வெங்காரம், சலவைச் சோடா, மணல், ஒரு சிட்டிகை கோதுமை மாவு கலந்து மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) சுமார் 1,000 டிகிரிக்கு மேல் உருக்குவார்கள். கோதுமை மாவு எதற்கு என்று நானும் கேட்டேன். அதில் உள்ள கரி மிருதாரசிங்கியை ஈயமாக்கும். அந்த ஈயத் துளிகள் இறங்கும்போது வழியில் இருக்கும் பொன்னையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் போய்ச் சேரும், கல் உருகிக் கசடாக மேலே நிற்கும். ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடேற்றினால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். மிஞ்சுவது ஒரு சிறு மணி. வெடியுப்புத் திராவகத்தில் (நைட்ரிக் அமிலம்) போட்டால் வெள்ளி கரைந்து பொன் மட்டும் நிற்கும். டன்னுக்கு ஒரு பவுன் தாதுவில் 30 கிராம் எடுத்திருந்தால், அந்தப் பொன் கால் மில்லிகிராம்கூட வராது. அதை நிறுத்துச் சொல்கிற எடைதான் முடிவு. எடையில் பிறந்த சொல் எடையிலேயே வந்து நிற்கிறது. ஹால்மார்க் மையங்கள் நகையின் மாற்றைத் திட்டமாகச் சொல்வதும் இதே வழியில்தான், அதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1418.

அரைப்பதற்கு முன் எந்தக் கல்லை எடுத்தோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு தங்கத்துக்குச் செல்லாது. சோறு ஒரே சீராக வேகும். தங்கம் சர்க்கரைப் பொங்கலில் முந்திரி மாதிரி. ஒரு கரண்டியில் நாலு வரும், அடுத்த கரண்டியில் ஒன்றுகூட இருக்காது. மினுங்கும் கல்லாகப் பொறுக்கிக் கொடுத்தால் முடிவு அந்தக் கல்லுக்கு மட்டும்தான், நிலத்துக்கு இல்லை.

இந்தோனேசியாவின் பூசாங்கில் பெரும் தங்கப் படிவம் கண்டதாகக் கனடாவின் பிரி-எக்ஸ் கம்பெனி சொன்னபோது அதன் பங்கு விலை தாறுமாறாக ஏறியது. துளையிட்டு எடுக்கும் கல்தண்டைப் பிளந்து ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பத்திரப்படுத்துவது வழக்கம். அவர்கள் ஏறக்குறைய முழுவதையும் சோதனைக்கே அனுப்பினார்கள், அந்த மாதிரிகளில் வெளித் தங்கம் கலக்கப்பட்டது. 1997-இல் வேறொரு குழு அதே இடத்தில் துளையிட்டுப் பார்த்தபோது எடுக்கத் தகுந்த தங்கமே அங்கே இல்லை. நம் பட்டறைப் பேச்சில் சொன்னால், மச்சம் இல்லாத சோதனை.

ஆகவே என் தேர்வு இது. நகைக்கும் கட்டிப் பொன்னுக்கும் ‘மாற்றுக் காணல்’ என்றே சொல்லலாம். தாதுவுக்கு மாற்று என்ற சொல் ஒட்டாது, அங்கே கேள்வி தரமல்ல, அளவு. அதற்கு ‘உலோகத் தேர்வு’ போதும். வெள்ளி, பிளாட்டினத்துக்கும் பொருந்தும், பொலந்தெரி மாக்களின் ‘தெரி’க்கும் பக்கத்தில் நிற்கும். சோதனைக்குப் பிறகும் பத்திரப்படுத்தும் பங்குக்கு மச்சம் என்ற சொல்லையே மீட்டுக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

மேலூர்க்காரர் கல்லை மறுபடி துண்டில் முடிந்தார். லேபில் கொடுக்கத்தான் போகிறாராம். மாமா வாசல்வரை வந்து சொன்னார்: “மொத்தத்தையும் குடுத்துராதீங்கண்ணே. ஒடச்சு, பாதிய வீட்ல வச்சுக்கங்க.”