தாய் வகுப்பே பதில் சொல்லும்போது

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடும் ஒருவருக்கு யாரோ எழுதிக் கொடுத்த ஜாவா நிரல் என்னிடம் வந்தது. வெளிநாட்டுப் பயணிகளுக்கும் உள்ளூர்க் கட்டணமே அச்சாகிறது என்பது முறைப்பாடு. பிழைச் செய்தி எதுவும் இல்லை. பயணிகள் எவரும் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கப் போகிறார்கள்?

உள்ளே 'கட்டணம்' என்றொரு தாய் வகுப்பு (class); அதிலிருந்து பிறக்கும் சேய் வகுப்புகள் அதன் செயல்களை மரபுரிமையாகப் பெறும். அதன் 'கணக்கிடு' மெதட் (வகுப்பு செய்யும் ஒரு செயல்), ஆட்களின் எண்ணிக்கையை இன்ட் எனும் முழு எண் வகையாக வாங்குகிறது. வெளிநாட்டவருக்கான சேய் வகுப்பிலும் 'கணக்கிடு' இருக்கிறது. ஆனால் அது லாங் எனும், இன்னும் பெரிய முழு எண் வகையை வாங்குகிறது. பெயர் ஒன்றாக இருந்தால் ஓவர்ரைடிங் (தாயின் மெதட்டுக்குப் பதிலாகச் சேயின் மெதட் இயங்குவது) ஆகிவிடும் என்று எழுதியவர் நம்பியிருக்கிறார். ஜாவாவுக்கு அது போதாது. பெயருடன் உள்ளீடுகளின் எண்ணிக்கை, வகை, வரிசை எல்லாம் பொருந்த வேண்டும். இங்கே நடந்தது ஓவர்லோடிங்: ஒரே பெயரில், வேறு உள்ளீடுகளுடன் இரண்டு மெதட்கள். தாயின் மெதட் மரபுரிமையாக அப்படியே இறங்கி வர, அதன் பக்கத்தில் லாங் வாங்கும் புதிய மெதட் ஒன்று சும்மா நின்றது. இன்ட் கொடுத்து அழைத்த ஒவ்வொரு முறையும் தாயே பதில் சொன்னது. நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. இரண்டுமே சட்டப்படி சரியான மெதட்கள்.

சேயின் மெதட் தலையில், 'இது தாயின் மெதட்டை ஓவர்ரைட் செய்கிறது' என்று அறிவிக்கும் @ஓவர்ரைட் குறியை இட்டிருந்தால் கம்பைல் செய்யும்போதே பிடிபட்டிருக்கும். 2004இல் ஜாவா 5 உடன் வந்த வசதி இது. கட்டாயமில்லை என்பதால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. கொட்லின் மொழி அப்படித்தான் செய்தது.

பழைய நிரல் கைக்கு வந்தால் நான் செய்வது இது: விடுபட்ட குறிகளை எக்லிப்ஸ், இன்டெலிஜே போன்ற நிரல் எழுதும் கருவிகளே சேர்த்துவிடும். சேர்த்து முடித்ததும், சேய் வகுப்புகளில் குறி ஏறாமல் நிற்கும் மெதட்களைப் பார்க்கிறேன். அவற்றில் தாயின் மெதட் பெயரையே தாங்கி நிற்பவைதான் சந்தேகத்துக்குரியவை. ஸ்டாட்டிக் (வகுப்புக்கே உரிய), பிரைவேட் (வகுப்புக்கு வெளியே தெரியாத) மெதட்கள் ஓவர்ரைட் ஆவதே இல்லை. அவையும் அந்தப் பட்டியலில் வந்து சிக்கும்.

சி++ மொழியில் தாயின் மெதட் வர்ச்சுவல் (சேய் ஓவர்ரைட் செய்யலாம் என்று குறிக்கப்பட்டது) ஆக இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கே இடம். ஓவர்ரைட் சொல் 2011ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்தது. பைதானுக்கு 2023இல், 3.12 பதிப்பில் இதே குறி வந்தது. ஆனால் மைபை போன்ற சோதனைக் கருவியை ஓட்டினால்தான் அது தவறைக் காட்டும். நிரலை மட்டும் ஓட்டினால், படகுக்காரரின் டிக்கெட் பழைய விலையிலேயே அச்சாகும்.