விநாடிக்கு ஒரு சொட்டு

ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். வீட்டில் நாலு விசைத்தறி. அடுத்த அறையில் ஒரு கணினி, அதில் திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு, 2017-ல் வாங்கிய என்விடியா ஜி.டி.எக்ஸ். 1060. பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரியில் கேம். “சார், பத்து நிமிஷம் நல்லா ஓடுதுங்க, அப்புறம் இழுக்குது. ஃபேன் தறிச் சத்தத்தையே மிஞ்சுது. கடையில காட்டினேன். கார்டு பழசாயிடுச்சு, புதுசு போட்ருங்கன்னாங்க. கையில பத்தாயிரம்தான் இருக்கு. போட்ரலாமா?”

இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்தப் பத்து நிமிஷம். கார்டு பழசாகிவிட்டது என்றால் முதல் நிமிஷத்திலேயே அது பழசாகத்தானே இருக்க வேண்டும்? பத்து நிமிஷம் இளமையாக இருந்துவிட்டு அப்புறம் கிழடாகி, அணைத்துப் போட்டால் மறுபடி இளமையாகிறது என்றால், அது வயசுக் கோளாறு இல்லை. சூடு.

கார்டின் வெப்பநிலையையும் வேகத்தையும் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு அளந்து அனுப்பச் சொன்னேன். ஆரம்பத்தில் 1,750 மெகாஹெர்ட்ஸ் வேகம், 50 டிகிரி சூடு. பத்தாவது நிமிஷத்தில் 1,300 மெகாஹெர்ட்ஸ், 88 டிகிரி. இந்தக் கார்டுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அடிப்படை வேகமே 1,506. சுமார் 83 டிகிரியைத் தாண்டியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும்; அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். தம்பியின் கார்டு கெட்டுப்போகவில்லை. மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

அந்த மூச்சின் கணக்கைப் பார்ப்போம். 1060 முழு வேகத்தில் இழுப்பது சுமார் 120 வாட். நினைவகச் சில்லுகளும் மற்றவையும் எடுத்துக்கொள்வது போக, நடுவில் இருக்கும் சிப்பில் மட்டும் 100 வாட் சூடாக மாறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிப்பின் பரப்பு வெறும் 2 சதுர சென்டிமீட்டர், கட்டைவிரல் நகம் அளவு. அதற்குள் 440 கோடி டிரான்சிஸ்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட். நாம் துணி தேய்க்கும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்தாறு வாட்தான் வரும். இஸ்திரிப் பெட்டியைப் போல எட்டு மடங்கு செறிவாகச் சூட்டைக் கக்கும் நகத்துண்டு ஒன்றை 80 டிகிரிக்குள் பிடித்து வைக்க வேண்டும் என்பதுதான் சவால்.

சூட்டைக் கடத்த உலோகம் போதாதா என்று கேட்கலாம். சேலத்துக்காரனாக நான் முதலில் யோசித்தது வெள்ளியை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு எல்லாவற்றையும் உருக்கி ஒரு ஹீட் சிங்க், அதாவது சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் தகடுகளின் அடுக்கு, செய்தால்? எல்லா உலோகங்களிலும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். ஆனால் தாமிரத்தின் கடத்துதிறன் எண் சுமார் 400 என்றால் வெள்ளிக்குச் சுமார் 430. அந்தக் கொஞ்ச லாபத்துக்காகக் கொலுசைக் கழற்ற யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நகம் அளவு இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் தகடுகளின் நுனி வரை சூடு போய்ச் சேர வேண்டும். தனி உலோகத்தால் அது ஆகாது. நடுவில் சூடு குவிந்து நிற்கும்; ஓரத் தகடுகள் வேலையில்லாமல் சும்மா இருக்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சாதனம் வருகிறது. தம்பியின் கார்டைக் கழற்றினால், சிப்பின் மேல் உட்காரும் தட்டிலிருந்து இரண்டு தாமிரக் குழாய்கள் வளைந்து தகடுகளுக்குள் போவதைப் பார்க்கலாம். சுண்டுவிரலைவிட ஒல்லி, 6 மில்லிமீட்டர். பார்த்தால் வெறும் கம்பி மாதிரி இருக்கும். கம்பி இல்லை, வெப்பக்குழாய். உள்ளே காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீரை மட்டும் விட்டு, இரு முனையையும் அடைத்திருக்கிறார்கள். ஆமாம், உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்குள் தண்ணீர் இருக்கிறது!

காற்றை ஏன் எடுக்க வேண்டும்? ஏற்காட்டுக்காரர்களைக் கேட்டால் பாதி பதில் கிடைக்கும். சேலத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் மேலே அழுத்தும் காற்று குறைவு. அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகச் சுணங்குவது அதனால்தான். இதை இன்னும் நீட்டிப் பாருங்கள். காற்றே இல்லாத இடம் வரை மலையேறினால்? அப்போது தண்ணீரை அழுத்துவதற்கு அதன் சொந்த ஆவியைத் தவிர வேறு எதுவும் இல்லை. 60 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆக, குழாய்க்குள் இருக்கும் தண்ணீருக்குக் கொதிநிலை என்று ஒரே எண் கிடையாது. 40 டிகிரியானாலும் சரி, 70 டிகிரியானாலும் சரி, ஒரு முனை மறுமுனையைவிடக் கொஞ்சம் சூடானால் போதும், அங்கே தண்ணீர் ஆவியாகக் கிளம்பிவிடும்.

கிளம்பிய ஆவி அழுத்தம் குறைந்த குளிர்ந்த முனைக்கு ஓடுகிறது. இட்லிச் சட்டியின் மூடியில் ஆவி முத்து முத்தாகப் படிவது போல, குழாயின் சுவரில் படிந்து மறுபடி நீராகிறது. படியும்போது தான் சுமந்து வந்த சூட்டை இறக்கி வைக்கிறது. அந்தச் சுமை லேசுப்பட்டதில்லை. கொதிநீர் கையில் பட்டால் எரியும்; இட்லிச் சட்டி ஆவி பட்டால் தோலே உரியும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதையே ஆவியாக்க, குழாய்க்குள் இருக்கும் வெப்பநிலையில் சுமார் 2,400 ஜூல் வேண்டும். உள்ளுறை வெப்பம் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதுதான்.

நீரானதும் அது திரும்பி வர வேண்டும். பம்பு இல்லை, மோட்டார் இல்லை. குழாயின் உட்சுவர் முழுக்கத் தாமிரத் தூளைச் சுட்டு ஒட்டியிருக்கிறார்கள், ஒரு பஞ்சு போல. விளக்கில் எண்ணெய் திரி வழியாக ஏறுவது போல, தண்ணீர் அந்தத் தூளின் இடுக்குகள் வழியாக நுண்புழை விசையால் சூடான முனைக்கு ஊர்ந்து வருகிறது. நடுவில் ஆவி ஒரு திசையில் ஓட, ஓரமாகத் தண்ணீர் எதிர்த் திசையில் நடக்க, கார்டு ஓடும் வரை இந்தச் சுற்று நிற்காது. கரண்ட் பில்லில் ஒரு பைசா ஏறாது.

இப்போது கணக்கைப் போடுங்கள். விநாடிக்கு 100 ஜூல் வெளியே போக வேண்டும். ஒரு கிராம் ஆவி 2,400 ஜூல் சுமக்கும். நூறை 2,400-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.04 கிராம். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 0.05 கிராம். இஸ்திரிப் பெட்டியைத் தோற்கடிக்கும் அந்தச் சூட்டை அடக்க விநாடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட முழுதாக வேண்டியதில்லை! இந்தக் கணக்கை முதல்முறை போட்டபோது எங்கோ தசமப்புள்ளி தப்பிவிட்டது என்று நினைத்து மூன்று தடவை சரிபார்த்தேன்.

நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம். செத்துப்போன லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய தட்டையான வெப்பக்குழாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. டம்ளரில் வெந்நீர் ஊற்றி, ஒரு மாணவன் கையில் அதே நீளமுள்ள தாமிரக் கம்பியையும் இன்னொருவன் கையில் குழாயையும் கொடுத்து, நுனியை மட்டும் முக்கச் சொல்வேன். கம்பிக்காரன் எப்போது சுடும் என்று காத்திருப்பான். குழாய்க்காரன் முக்கின வேகத்தில் “ஆ” என்று கையை எடுத்துவிடுவான். ஒரே ஒரு எச்சரிக்கை: அடுப்புத் தீயில் காட்ட வேண்டாம், உள்ளே அழுத்தம் ஏறினால் வெடிக்கும். அறுத்துப் பார்க்கவும் வேண்டாம். காற்று உள்ளே புகுந்த நொடியில் அது வெறும் செப்புக் குழாய்.

இதன் வரலாற்றில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 1942-லேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ரிச்சர்ட் காக்லர் என்பவர், குளிர்பதனப் பெட்டிக்காக இந்த யோசனையைக் காப்புரிமைக்குப் பதிந்தார். யாரும் சீந்தவில்லை. இருபது வருஷம் கழித்து, 1963-ல், விண்கலங்களுக்கான அணு உலையின் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்று லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் குரோவர் அதைத் தனியாக மறுபடி கண்டுபிடித்தார். அப்புறம் செயற்கைக்கோள்களுக்குப் போய், லேப்டாப்புக்கு வந்து, இன்று தறி வீட்டுக் கணினியின் கேபினட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. “இந்த ஆராய்ச்சியால் என்ன பயன், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்” என்று நம் ஊரில் நிதி கேட்பவரிடம் கேட்கும் படிவம் ஒன்று இருக்கிறதே, அதில் 1963-ல் குரோவர் என்ன எழுதியிருப்பார்? “அறுபது வருஷம் கழித்து ஜலகண்டாபுரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்ய” என்றா?

சரி, தம்பியின் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது என்றால் 88 டிகிரி எப்படி வந்தது? குழாய் சூட்டை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. கடைசியில் அலுமினியத் தகடுகளின் நடுவே ஓடும் காற்றுதான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். (சேர்வராயன் மலையிலிருந்து பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கிய காலம் ஒன்று உண்டு. ஹீட் சிங்க்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த லாரிகள் ஞாபகம் வரும்.) தம்பி கார்டைக் கழற்றி ஒரு படம் அனுப்பினார். தகடு எதுவும் தெரியவில்லை. ஃபேனுக்குக் கீழே ஒரு மெத்தையே இருந்தது. எட்டு வருஷத் தறிப் பஞ்சு.

பஞ்சு ஏன் அவ்வளவு மோசம்? அது காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கும். அசையாத காற்று தாமிரத்தைவிடப் பதினைந்தாயிரம் மடங்கு மோசமான கடத்தி. ஏற்காட்டில் கம்பளியும், தலையணையும், இந்த மெத்தையும் வேலை செய்வது ஒரே விதத்தில்தான். விளக்குத் திரியாகி எண்ணெயை ஏற்றிவிடும் அதே பஞ்சு, இங்கே கார்டுக்குப் போர்வை போர்த்திவிட்டது.

பஞ்சை எடுத்தாயிற்று. சிப்புக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்த தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து கிடந்தது. அதைச் சுரண்டாமல், ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைக்கச் சொன்னேன். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டு பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளம் உண்டு; பள்ளத்தில் நிற்கும் காற்றை விரட்டுவதுதான் பேஸ்டின் வேலை, அதனால் அதிகம் வைத்தால் கூடுதல் பலன் எதுவும் கிடையாது. பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். நினைவகச் சில்லுகளின் மேலிருக்கும் ரப்பர் மாதிரியான பட்டைகளைக் கிழிக்காமல் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.

படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கேபினட்டின் காற்றுத் துளைகள் மேல் சந்தனமும் குங்குமமும், ஒரு வருஷம் இல்லை, பல வருஷத்து அடுக்கு. ஆயுத பூஜைக்கு நான் எதிரியில்லை. எங்கள் வீட்டிலும் பொரி கடலை உண்டு. ஆனால் சந்தனத்தைப் பக்கவாட்டுத் தகட்டில் வைத்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும், துளைகளை விட்டுவிடுங்கள். இதைவிட ஆபத்தான மூடநம்பிக்கை, செத்த கார்டை ஓவனில் வைத்து ‘சுட்டால்’ உயிர் வரும் என்பது. சில நேரம் வரவும் செய்யும். விரிசல் கண்ட இணைப்பு சூட்டில் விரிந்து கொஞ்ச நாள் தொட்டுக்கொண்டிருக்கும், அப்புறம் மறுபடி போய்விடும். அந்த ஓவனில் கேக் செய்து சாப்பிடுபவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

எப்போதுதான் புதுசு வாங்குவது? சூடு 75-க்குள் நின்று, வேகமும் முழுசாக இருந்து, கார்டின் உழைப்பு 99 சதவீதம் காட்டியும் போதவில்லை என்றால் கார்டு நிஜமாகவே சின்னது, மாற்றலாம். உழைப்பு 50 சதவீதத்தில் நின்றுகொண்டே படம் இழுத்தால் குற்றவாளி பெரும்பாலும் பிராசசர். கார்டுக்குப் போடும் காசு வீண். பழைய மதர்போர்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை மலிவென்று ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. போன்ற கார்டை எடுத்தால், அது மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டில் தகவல் போய்வரும் பதினாறு பாதையில் நாலைத்தான் பயன்படுத்தும். அந்த ஸ்லாட் பழைய மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வகையாக இருந்தால் அந்த நாலும் பாதி வேகம். எட்டுப் பாதை உள்ள ஆர்.எக்ஸ். 6600 அந்த அளவுக்குத் திணறாது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால், பெயரை மட்டும் மாற்றி எழுதிய போலிக் கார்டுகள் உலவுகின்றன. மென்பொருளில் போட்டுச் சிப்பின் விவரத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பற்றிய செய்தியைப் பார்த்தும் தம்பி பயந்திருந்தார். 1060 தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது உண்மை. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா சொல்லியிருக்கிறது. நேற்று ஓடிய எடிட்டிங் மென்பொருள் நாளையே நின்றுவிடாது.

போன வாரம் புது அளவு வந்தது. அதே அறை, அதே கேம், அரைமணி நேரம் கழித்து 72 டிகிரி, 1,740 மெகாஹெர்ட்ஸ். ஒரு கேம் மட்டும் இன்னமும் இடறுகிறதாம். அது கார்டின் 6 ஜி.பி. நினைவகம் நிரம்புவதால் வருவது. பேஸ்ட் வைத்து அதைச் சரிசெய்ய முடியாது, படத்தின் தரத்தை ஒரு படி இறக்கச் சொல்லியிருக்கிறேன். கேபினட்டை மாடி அறைக்கு ஏற்றிவிட்டாராம். மிச்சமான பத்தாயிரம் என்னாச்சு என்று கேட்டேன். பாவு நூல் வாங்க அப்பா எடுத்துக்கொண்டாராம்.