பேஸ் காம்போ வாங்கப் போகிறீர்களா? வாட் எண்ணுக்கு முன் ஸ்பீக்கரைப் பாருங்கள்

பேஸ் கிட்டாருக்கு காம்போ ஆம்ப் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) தேடுகிற யாரும் முதலில் கேட்பது, "இது எத்தனை வாட்?" என்றுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு வாங்கினால், முதல் ரிகர்சலிலேயே டிரம்ஸ் சத்தத்துக்குள் பேஸ் காணாமல் போகும். வால்யூமை முழுக்கத் திருப்புவீர்கள். சில மாதங்களில் ஸ்பீக்கர் கிழியும் அல்லது கருகும். பழுதுக்கு வரும் பேஸ் காம்போக்களில் ஆம்ப் பகுதி நன்றாக இருந்து ஸ்பீக்கர் மட்டும் செத்திருப்பதைப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

நான்கு தந்தி பேஸின் தடித்த 'ஈ' தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. ஐந்து தந்தி பேஸின் 'பி' தந்தி இன்னும் கீழே, 31 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ்தான். அலைவரிசை பாதியாகக் குறைந்தால், அதே அளவு சத்தத்துக்கு ஸ்பீக்கரின் கோன், அதாவது முன்னே தெரியும் கூம்பு, நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். பேஸ் ஆம்ப்பின் கஷ்டமெல்லாம் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

அதனால்தான் கிட்டார் ஆம்ப்பில் பேஸை மாட்டி வாசிக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கிட்டார் ஸ்பீக்கரின் கோன் மெலிது, அது நகரக்கூடிய தூரமும் குறைவு. பல கிட்டார் காம்போக்களின் பின்பக்கம் திறந்தே இருக்கும். பின்னாலிருந்து வரும் ஒலி முன்னால் வருவதோடு மோதி, கீழ் ஸ்வரங்கள் கரைந்துவிடும். சத்தம் போதவில்லையே என்று ஏற்றுவீர்கள். அப்போது கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில், காந்தத்தின் இடைவெளியை விட்டு வெளியே துள்ளும், அல்லது பின்தகட்டில் போய் 'டக்'கென்று இடிக்கும். ஓரம் நசுங்கிய காயில் அதன்பின் ஒவ்வொரு ஸ்வரத்திலும் உரசும். படுக்கையறையில் மெதுவாக வாசிப்பதென்றால் பாதகமில்லை. டிரம்மரோடு என்றால் கூடவே கூடாது. மறுபக்கம், பேஸ் ஆம்ப்பில் கிட்டார் வாசிக்கத் தடையே இல்லை. 1952-ல் பேஸுக்கென்றே வந்த ஃபெண்டர் பேஸ்மேன், பிறகு நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களோடு வந்தபோது கிட்டார்காரர்களின் செல்லமாகிவிட்டது.

இப்போது வாட்டுக்கு வருவோம். 100 வாட்டை 200 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். அது காதுக்குத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற எண், 93-க்குப் பதில் 99 ஆக இருந்தால் அது நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம். 150 வாட் ஆம்ப்பும் 99 டெசிபல் ஸ்பீக்கரும் சேர்ந்தால், 600 வாட் ஆம்ப்பும் 93 டெசிபல் ஸ்பீக்கரும் தரும் சத்தத்தைத் தரும். இந்த எண்ணைப் பல கம்பெனிகள் முன்பக்கத்தில் போடுவதில்லை. கையேட்டில் தேடுங்கள், இல்லையென்றால் காதால் சோதியுங்கள்.

வாட்டிலேயே இன்னொரு பொடி எழுத்து உண்டு. "500 வாட்" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பக்கத்தில் சின்னதாக "4 ஓம்" என்றிருக்கும். ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குத் தரும் எதிர்ப்பு. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், தனியாக வாசிக்கும்போது கிடைப்பது கிட்டத்தட்ட பாதியோ அதைவிடச் சற்றுக் கூடுதலோதான். வெளியே இன்னொரு 8 ஓம் கேபினெட்டைச் சேர்த்து மொத்தம் 4 ஓம் ஆனால்தான் முழு 500. "பீக் பவர்", அதாவது கணநேரம் மட்டும் எட்டும் உச்சம், என்று போட்டிருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

தோராயமான அளவு வேண்டுமென்றால்: வீட்டுப் பயிற்சிக்கு 15 முதல் 30 வாட், 8 அங்குல ஸ்பீக்கர் போதும். அக்கூஸ்டிக் கிட்டார், கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) மாதிரியான சிறு குழுவுக்கு 50 முதல் 100. முழு டிரம்ஸ் செட்டோடு என்றால் 200-300 வாட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். ஸ்பீக்கர் ஒரு 12 அங்குலமோ, ஒரு 15 அங்குலமோ, இரண்டு 10 அங்குலமோ இருக்கட்டும். பெரிய மேடையில் காம்போ உங்கள் காதுக்குத்தான். மக்களுக்குப் போகும் ஒலி, ஆம்ப்பிலிருந்து நேராக மிக்ஸருக்கு சிக்னல் கொடுக்கும் டிஐ அவுட் வழியாகப் போகும்.

15 அங்குலம் என்றாலே ஆழமான பேஸ் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆழத்தைத் தீர்மானிப்பது அங்குலம் மட்டுமல்ல. பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது, போர்ட், அதாவது பெட்டியின் காற்றுத் துளை, எந்த அலைவரிசைக்கு ட்யூன் செய்யப்பட்டிருக்கிறது என்பதும்தான். சின்னப் பெட்டியில் திணித்த 15 அங்குலத்தைவிட, சரியான பெட்டியில் உள்ள 12 அங்குலம் கீழே இறங்கும். ஐந்து தந்தி பேஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போர்ட்டின் ட்யூனிங்குக்குக் கீழே உள்ள ஸ்வரங்களில் பெட்டிக் காற்றின் பிடி கோனுக்குக் கிடைக்காது. சத்தம் குறையும், ஆனால் கோன் மட்டும் தாறுமாறாக ஆடும். மிகக் கீழ் ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் உள்ளேயே இருக்கும் காம்போ என்றால் 'பி' தந்தியில் ஸ்பீக்கர் நெடுநாள் பிழைக்கும்.

ஸ்பீக்கரைக் கொல்லும் இன்னொரு பழக்கம், பேஸ் குமிழை முழுக்கத் திருப்புவது. அங்கே 10 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் ஆம்ப் பத்து மடங்கு மின்திறன் தர வேண்டும். 20 வாட்டில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது 200 கேட்கும். குழுவில் பேஸ் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் குறைவது கீழ் ஒலி அல்ல, நடு ஒலி. 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை சற்று ஏற்றி, பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். தனியாக வாசிக்கும்போது அழகாக இராது. டிரம்ஸோடு சேர்ந்ததும் ஒவ்வொரு ஸ்வரமும் துலக்கமாகக் கேட்கும்.

சோதிக்கப் போகும்போது உங்கள் பேஸையே எடுத்துப் போங்கள். ஈக்யூ (பேஸ், மிட், ட்ரெபிள்) குமிழ்கள் எல்லாம் நடுவில், ஒலியின் தன்மையை மாற்றும் ஷேப், கான்டூர் பட்டன்கள் அணைந்த நிலையில் இருக்கட்டும். வழக்கமாக எவ்வளவு பலமாக மீட்டுவீர்களோ அவ்வளவு பலமாக மீட்டி, பீக் விளக்கு எப்போதாவது மின்னும் அளவுக்குக் கெயினை (உள்ளே வரும் சிக்னலின் அளவை) வையுங்கள். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால் அதற்கான இன்புட்டிலோ, சிக்னலைக் குறைக்கும் பேட் பட்டனை அழுத்தியோ மாட்டுங்கள். பிறகு மாஸ்டர் வால்யூமை ரிகர்சல் சத்தத்துக்கு ஏற்றி, 'ஈ' தந்தியில் திறந்த ஸ்வரத்திலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக, நிதானமாக, முழு நீளம் ஒலிக்க விட்டு வாசியுங்கள்.

ஏதாவது ஒரு ஸ்வரம் திடீரென வீங்கும், ஒன்று அமுங்கும். உடனே காம்போவைக் குறை சொல்லாதீர்கள். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். சின்ன அறையில் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அது கூடும், குறையும். மூன்று அடி நகர்ந்து நின்று மறுபடி கேளுங்கள். காம்போ மூலையில் இருந்தால் வெளியே இழுக்கச் சொல்லுங்கள். எங்கே நின்றாலும் அதே ஸ்வரம்தான் வீங்குகிறது என்றால், அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம். 'ஜிர்ர்' என்று அதிர்வு கேட்டால் கிரில், கைப்பிடி, பின்பக்கத் திருகு என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் நின்றால் திருகு முடுக்கினால் போதும். நிற்காவிட்டால் ஸ்பீக்கர்.

கேட்பதற்குக் காம்போவை ஒட்டி நிற்காதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். காம்போ தரையில் இருந்தால் மேல் ஒலிகள் கால்களுக்கிடையே போய்விடும், வாசிப்பவர் தெளிவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். சாய்த்து வைக்கும் வசதியுள்ள பெட்டி இதற்குத்தான்.

பின்பக்கத்தில் டிஐ அவுட் கட்டாயம் வேண்டும். அதில் ஈக்யூவுக்கு முன், பின் என்று மாற்றும் ஸ்விட்சும், டிஐ கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்டும் இருந்தால் நல்லது. இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்டை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. வெளிக் கேபினெட்டுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான். கிட்டார் கேபிளை மாட்டினால் அது சூடேறி ஷார்ட்டாகி ஆம்ப்பையும் கொண்டுபோகலாம்.

பழைய காம்போ வாங்குவதானால், மின்சாரத்தை அணைத்துவிட்டு கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு கை விரல்களையும் கோனின் மையத்துக்கு இருபுறமும் சமமாக வைத்து, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமே இல்லாமல் போய்வந்தால் நல்லது. சரசரவென்று உரசினால் காயில் போய்விட்டது. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மாற்றும்போது அதே அங்குலம் என்பது மட்டும் போதாது. அதே ஓம், அந்தப் பெட்டிக்குப் பொருந்தும் பேஸ் ஸ்பீக்கராக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கிட்டார் ஸ்பீக்கரை அதில் பூட்டினால், சில வாரங்களில் அதே உரசல் மறுபடி கேட்கும்.