குவாரிமென்: ஒரு முந்தைய பெயரின் சொல் விளக்கம்

குவாரிமென் என்பது, பிற்காலத்தில் பீட்டில்ஸ் என்று உலகறிந்த இசைக்குழு, லிவர்பூல் நகரில் பள்ளிப் பையன்களின் கூட்டமாக இருந்தபோது தாங்கியிருந்த பெயர். ஜான் லெனன் 1956-இல் தம் தோழர்களைச் சேர்த்து இக்குழுவைத் தொடங்கினார். முதல் சில நாள்கள் பிளாக்ஜாக்ஸ் என்று வழங்கிய குழு, விரைவிலேயே குவாரிமென் ஆயிற்று. ராக் இசைக்குழுக்களின் முந்தைய பெயர்களைப் பற்றிப் பேசுவோர் இதனை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் இப்பெயரின் முற்பகுதியான 'குவாரி', ஜல்லி லாரி ஓட்டுபவர் முதல் கனிமவள அலுவலர் வரை தமிழ்நாட்டில் நாள்தோறும் வாயில் புழங்கும் சொல்லாதலால், நமக்கு அது துணுக்கைவிடச் சற்றுக் கூடுதலான செய்தி.

'மென்' என்பதற்கு ஆடவர் என்று பொருள். அதில் சிக்கல் இல்லை. 'குவாரி'யின் கதைதான் நீளமானது. இலத்தீனில் 'குவாத்ருஸ்' என்ற சொல் சதுரத்தைக் குறித்தது; அது நான்கு என்னும் எண்ணுப்பெயரிலிருந்து பிறந்தது. பாறையைப் பிளந்து, கட்டடத்துக்கு ஏற்பச் சதுரமாக வெட்டி எடுக்கும் இடத்துக்கு அச்சொல் வழியே ஒரு பெயர் உண்டாகி, பழைய பிரெஞ்சு மொழியில் தேய்ந்து, ஆங்கிலத்துக்குள் 'குவாரி' என நுழைந்தது. இலத்தீனின் நான்கும் வடமொழியின் 'சதுர்' என்பதும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலார் அனைவரும் ஏற்ற முடிபு. ஆகவே நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'சதுரம்' என்ற சொல்லுக்கும், ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட 'குவாரி' என்ற சொல்லுக்கும் தூரத்து உறவு உண்டு. மதுக்கடை வாசலில் ஒலிக்கும் 'குவாட்டர்' கூட அந்த நான்கின் வீட்டுப் பிள்ளைதான். வேட்டையில் துரத்தப்படும் விலங்கைக் குறிக்கும் இன்னொரு 'குவாரி' ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் பிறப்பு வேறு, அதனை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அதேபோல 'ராக்' இசையின் 'ராக்' என்பதும் பாறையன்று, அசைந்தாடுதலைக் குறிக்கும் வேறொரு வினைச்சொல். குவாரிக்காரர்கள் பாறை இசை பாடினார்கள் என்று பொருத்தம் காண முயல்வது வீண்.

தமிழில் இச்சொல்லுக்கு இணை என்ன? 'கற்சுரங்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். சுரங்கம் என்றால் நிலத்தடியில் குடைந்து செல்லும் வழி. குவாரியோ வானம் பார்த்துத் திறந்து கிடக்கும் பள்ளம். எனவே அது பொருந்தாது. 'கல்லுடைக்கும் இடம்' என்பது பொருளை விளக்குகிறதே தவிரப் பெயராக நிற்கவில்லை. திருப்பூர்ப் பக்கத்தில் கல்லெடுத்துக் கைவிட்ட பள்ளத்தைப் 'பாறைக்குழி' என்கிறார்கள். நீர் நிரம்பிய பாறைக்குழி, குப்பை கொட்டப்படும் பாறைக்குழி என்றெல்லாம் நாளிதழ்ச் செய்திகளிலும் அச்சொல் வருகிறது. மக்கள் வாயில் உயிரோடு இருக்கும் இச்சொல்லையே, கைவிட்ட குழி, வேலை நடக்கும் குழி இரண்டுக்கும் பொதுவாக ஆளலாம் என்பது என் கருத்து. 'மணல் குவாரி' என்ற தொடரைப் பற்றியும் ஒரு சொல்: பிறப்பை வைத்துப் பார்த்தால் அது முரணான தொடர், மணலை யாரும் சதுரமாக வெட்டியதில்லை, ஆயினும் வழக்கு வென்றுவிட்டது, வென்றதோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை.

குவாரியில் வேலை செய்பவரைக் கல்தச்சர் என்பது தவறு. கல்தச்சர் எடுத்து வந்த கல்லைச் செதுக்குபவர். 'கல்வெட்டுவோர்' என்றால் சாசனம் பொறிப்பவர் என்று படிப்பவர் எண்ணக்கூடும். 'பாறை உடைப்போர்' என்பது தொழிலுக்கு நேரான சொல். ஆனால், குழுவின் பெயருக்கு அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. ஏனென்றால் அப்பையன்களில் எவரும் சம்மட்டி தூக்கியவர் அல்லர். பெயர் அவர்கள் பள்ளியிலிருந்து வந்தது.

லெனன் படித்தது லிவர்பூலின் தென்பகுதியில் இருந்த குவாரி பேங்க் உயர்நிலைப் பள்ளி. அருகிலுள்ள உல்ட்டன் பகுதி செம்மணற்கல்லுக்குப் பேர்போனது. லிவர்பூலின் மாபெரும் ஆங்கிலிக்கன் பேராலயம் அந்த உல்ட்டன் கல்லைக் கொண்டு, 1904-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1978 வரை கட்டப்பட்டது. அக்கல்லெடுத்த நிலத்தின் நினைவே பள்ளியின் பெயரில் நின்றது. பள்ளிப் பாட்டிலும் பழைய குவாரிக்காரர்கள் போற்றப்பட்டனர். பள்ளியின் இலத்தீன் முழக்கத்தில் வரும் 'மெத்தல்லும்' என்ற சொல், உலோகத்தையும் குறிக்கும், அதனைத் தோண்டியெடுக்கும் குழியையும் குறிக்கும். 'இக்குழியிலிருந்து நற்பண்பு' என்று படிக்க அது இடம் தருகிறது. பள்ளிப் பாட்டில் மாணவர்கள் பாடியாக வேண்டிய 'குவாரிக்காரர்கள்' என்ற அந்தச் சொல்லைத்தான், பள்ளிக் கட்டுப்பாட்டுக்கு அடங்காத மாணவர் என்று பெயரெடுத்த லெனனின் குழு தன் பெயராக எடுத்துக்கொண்டது. அதில் பற்று எவ்வளவு, நையாண்டி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். நையாண்டியின் பங்கே மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

நன்னூல், பெயர்கள் பிறக்கும் வழிகளாகப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறனைக் காட்டுகிறது. வெற்பன் என்பது இடத்தால் வந்த பெயர். ஓதுவான் என்பது தொழிலால் வந்தது. குவாரிமென் என்பது தொழிற்பெயரின் உடையணிந்து வந்த இடப்பெயர். ஆகவே 'பாறைக்குழியார்' என்பதே அதற்கு நெருங்கிய தமிழ் வடிவம். இவ்வடிவம் பொருள் புரிந்துகொள்வதற்கு மட்டுமே; சிறப்புப் பெயரை மொழிபெயர்த்து வழங்குதல் முறையன்று என்பதால், கட்டுரையில் எழுதும்போது குவாரிமென் என்றே எழுத வேண்டும்.

ராக் குழுக்களின் முந்தைய பெயர்களை இந்த ஆறு வழிகளில் வைத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. ரேடியோஹெட் குழுவினர் ஆபிங்டன் பள்ளி மாணவர்களாக இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் கூடிப் பயிற்சி செய்ததால் 'ஆன் எ ஃபிரைடே', அதாவது 'ஒரு வெள்ளிக்கிழமையன்று', என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்; ஆதிரையான் என்பதுபோல அது காலத்தால் வந்த பெயர். கோல்ட்பிளே குழுவின் 'பெக்டோரல்ஸ்' மார்புத் தசையைக் குறிப்பது. உரைகாரர்கள் காட்டும் 'திணிதோளன்' என்ற சினைப்பெயரின் பக்கத்தில் அதனைத் தயங்காமல் உட்கார வைக்கலாம். பீச் பாய்ஸ் குழுவோ தாங்கள் அணிந்த பெண்டில்டன் கம்பளிச் சட்டையை வைத்துப் 'பெண்டில்டோன்ஸ்' எனப் பொருட்பெயர் சூடியிருந்தது. 1961-இல் அவர்களின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, அவர்களைக் கேளாமலேயே வேறு பெயர் அச்சாகியிருந்தது. தொடக்கப் பெயர்கள் பெரும்பாலும் இப்படிக் காரணம் வெளிப்படையாகத் தெரியும் பெயர்களாகவே இருக்கின்றன. நிலைத்த பெயர்களிலும் காரணம் இல்லாமலில்லை. பிங்க் ஃபிளாய்ட் என்பது பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்னும் இரு புளூஸ் பாடகர்களின் பெயர்களை ஒட்டியது. ஆனால் கேட்பவருக்கு அக்காரணம் தெரிய வேண்டிய தேவையே எழுவதில்லை. காரணப்பெயர் உதிர்ந்து இடுகுறிப்பெயர்போல் நிற்பதுதான் புகழ்.

குவாரிமென் குழுவை இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால், அவர்கள் வாசித்த கருவிகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் தொடங்கியது ராக் குழுவாக அன்று, 'ஸ்கிஃபிள்' குழுவாக. லோனி டோனகன் என்ற பாடகரின் புகழால் 1956 வாக்கில் பிரிட்டன் முழுவதும் பரவிய இவ்விசைக்குக் காசு கொடுத்து வாங்கிய கருவி மிகுதியாகத் தேவையில்லை. ஒரு கிட்டார் இருந்தால் போதும். துணி துவைக்கும் நெளிவுப் பலகை ஒன்று தாளத்துக்கு, அதனைத் தேய்க்க விரல்நுனிகளில், தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க அணியும் உலோக உறைகள். தாழ்ந்த சுரத்துக்குத் தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகையால் ஆன அப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து, மேற்புறத்தின் நடுவில் துளையிட்டு ஒரு கயிற்றை முடிந்து, மறுமுனையைத் துடைப்பக் கம்பின் உச்சியில் கட்டுவார்கள். கம்பைச் சாய்த்துக் கயிற்றை இறுக்கினால் ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். இலங்கை மலையகத்திலும் இந்தியத் தோட்டங்களிலும் பறித்த தேயிலை அக்காலத்தில் கப்பலேறிச் சென்றது இத்தகைய பெட்டிகளில்தான் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1957 ஜூலை 6 அன்று உல்ட்டன் புனித பேதுரு தேவாலயத் தோட்ட விழாவில் இக்குழு வாசித்தது. அங்கேதான் லெனனுக்குப் பால் மெக்கார்ட்னி அறிமுகமானார். அன்றைய நிகழ்ச்சி நிரலில் குழுவின் பெயர் 'குவாரி மென் ஸ்கிஃபிள் குரூப்' என்று பிரித்து அச்சாகியிருந்தது. 'பேண்ட்' என்று இல்லாமல் 'குரூப்' என்று இருந்ததைக் கவனிக்க வேண்டும். தமிழில் 'பேண்டு' என்றால் கல்யாண ஊர்வலத்தின் பித்தளை வாத்தியம் நினைவுக்கு வருவதால், நமக்கும் 'குழு' என்பதே தெளிவு.

அந்தச் சந்திப்பிலேயே பெயருக்கு ஆபத்தும் வந்துவிட்டது. மெக்கார்ட்னியும் அவருக்குப் பின் 1958-இல் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசனும் படித்தது லிவர்பூல் இன்ஸ்டிடியூட் என்ற வேறு பள்ளியில். லெனனும் 1957-இல் பள்ளியை விட்டு ஓவியக் கல்லூரிக்குப் போனார். குழியும் இல்லை, குழியின் பெயர் தாங்கிய பள்ளியும் இல்லை; பெயர் மட்டும் 1959 வரை எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. 1958-இல், பெர்சி ஃபிலிப்ஸ் என்பவர் வீட்டிலேயே நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்தில் 17 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து அவர்கள் ஒரே ஒரு இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் இருந்தது கிரிக்கெட்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு. அடுத்த பெயருக்கு விதை அக்குழுவின் பெயரில்தான் இருந்தது.

கிரிக்கெட்ஸ் என்றதும் தமிழ் வாசகருக்கு மட்டையும் பந்தும்தான் தோன்றும். பட்டி ஹாலியின் அக்குழு தன் பெயரால் குறித்தது இரவில் ஓயாமல் ஒலிக்கும் பூச்சியை, அதாவது சில்வண்டை. அதனைப் பின்பற்றித் தங்களுக்கும் ஒரு பூச்சிப் பெயர் வேண்டும் என்று லெனனும், அவருடைய ஓவியக் கல்லூரித் தோழரும் குழுவில் சேர்ந்தவருமான ஸ்டூவர்ட் சட்கிளிஃபும் தேடியதில் கிடைத்தது வண்டு. ஆங்கிலத்தில் இவ்விரு பூச்சிகளின் பெயர்களுக்கும் ஓசையில் ஓர் ஒற்றுமையும் கிடையாது. தமிழிலோ சில்வண்டிலிருந்து 'சில்' என்பதைக் கழித்தாலே வண்டு வந்துவிடுகிறது. ஒலிக்கும் வண்டு நம் செய்யுள் வழக்குக்குப் புதிதுமன்று. 'முரலுதல்' என்ற வினையே அதற்கென இருக்கிறது. ஆனால் தமிழில் பிடிபடாத ஒன்றும் அப்பெயரில் உண்டு. வண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் 'இ' என்னும் எழுத்து இரண்டு முறை அடுத்தடுத்து வரும். இரண்டாவதை நீக்கி 'ஏ' எழுத்தை வைத்தால், தாள அடியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல் உள்ளே புலப்படும். காதுக்கு வண்டு, கண்ணுக்குத் தாளம். தமிழ் எழுத்தில் இரண்டும் பீட்டில்ஸ்தான் என்பதால், இந்தச் சிலேடையை விளக்கிச் சொல்லலாமே ஒழிய எழுதிக் காட்ட முடியாது. இடையில் 1959 இறுதியில் ஒரு திறமைப் போட்டிக்காக 'ஜானி அண்ட் த மூண்டாக்ஸ்', 1960-இல் 'பீட்டல்ஸ்', 'சில்வர் பீட்டில்ஸ்' எனச் சில பெயர்கள் வந்து போயின. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் புறப்பட்டபோது பீட்டில்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

இத்தகைய பழம்பெயரைத் தமிழில் எப்படிச் சுட்டுவது என்பதும் இவ்விளக்கத்துக்கு உட்பட்டதே. 'முன்னாள் பெயர்' என்பது ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியது. முன்னாள் என்ற அடை, பதவி வகித்து இறங்கியவருக்கே நம் வழக்கில் பொருந்துகிறது. 'முன்பெயர்' என்று எழுதினால் விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் முதற்பெயரோடு மயங்கும். துறவியர்க்கு வழங்கும் 'பூர்வாசிரமப் பெயர்' கருத்தளவில் மிக அழகாகப் பொருந்தினாலும், ஹாம்பர்க்கின் இரவு விடுதிகளில் வாசிக்கப் போனவர்களுக்கு அதனைச் சூட்டினால் கேலியாகிவிடும். 'முந்தைய பெயர்' என்பதே போதும். பல பெயர்கள் மாறியிருந்தால் அவற்றுள் முதலாவதைத் 'தொடக்கப் பெயர்' எனலாம். இக்குழுவுக்கு அவ்வகையில் பிளாக்ஜாக்ஸ் தொடக்கப் பெயர், குவாரிமென் முந்தைய பெயர்களுள் நெடுநாள் நின்றது.

குவாரிமென் பெயர் அத்தோடு மறையவும் இல்லை. 1997-இல், அந்தத் தேவாலய விழாவின் 40-ஆம் ஆண்டையொட்டி, அன்று லெனனோடு வாசித்தவர்களுள் பீட் ஷாட்டன், ராட் டேவிஸ், லென் காரி, எரிக் கிரிஃபித்ஸ், காலின் ஹாண்டன் ஆகிய ஐவர் மீண்டும் கூடி, அப்பெயரிலேயே மேடையேறத் தொடங்கினார்கள். அவர்களிலும் காரியும் ஹாண்டனும் குவாரி பேங்க் பள்ளியில் படித்தவர்கள் அல்லர்.