கைக்குழந்தைக்குக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுக்கலாமா?

"பிள்ளைக்குக் குடிக்க என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால், "தாய்ப்பால் மட்டும்தான் டொக்டர்" என்பார் தாய். பக்கத்தில் நிற்கும் அம்மம்மா ஒரு கணம் கழித்து, "இடைக்கிடை கொஞ்சம் கொத்தமல்லித் தண்ணி" என்பார். வெள்ளவத்தையில் சிறுபிள்ளைகளைப் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன உரையாடல். யாரும் பொய் சொல்வதில்லை. கொத்தமல்லி, ஓமம், பெருஞ்சீரகம் எல்லாம் நம் வீடுகளில் மருந்துக் கணக்கிலும் வராது, சாப்பாட்டுக் கணக்கிலும் வராது. அதனால் நான் இப்போது தனியாகவே கேட்கிறேன்: "ஏதாவது அவித்துக் கொடுத்தீர்களா?"

கொத்தமல்லிக்கு நான் எதிரி இல்லை. தடிமன் பிடித்தால் வேர்க்கொம்பு தட்டிப் போட்டு நானும் குடிப்பேன். ஆனால் ஆறு மாதம் முடியாத பிள்ளைக்கு அது வேண்டாம், ஒரு கரண்டிகூட. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைத்தான் இங்கே மிட்வைஃப் மிஸ்ஸும் வீட்டுக்கு வந்து சொல்கிறார்.

காரணம் நஞ்சு அல்ல, இடம். ஒரு மாதப் பிள்ளை ஒரு தடவையில் குடிக்கும் பால் ஏறக்குறைய 80 முதல் 150 மில்லிலீற்றர். அதற்குள் 60 மில்லிலீற்றர் கொத்தமல்லித் தண்ணீர் போனால் வயிறு நிரம்பிவிடும், பிள்ளையும் பேசாமல் தூங்கிவிடும். "மருந்து வேலை செய்கிறது" என்று வீட்டார் நினைப்பார்கள். மூன்றரை மாதப் பிள்ளை ஒன்றின் கிளினிக் புத்தகத்தைத் திறந்தபோது நிறைக்கோடு ஒரு மாதமாக மேலே ஏறாமல் தட்டையாகக் கிடந்தது. தனக்குப் பால் காணாது என்று தாய் அழுதார். விசாரித்தால், வாயுவுக்கென்று நாளுக்கு மூன்று தடவை ஓமத்தண்ணீர். அதை நிறுத்தி, பாலை அடிக்கடி கொடுத்து, ஒவ்வொரு முறையும் தோளில் போட்டு ஏவறை எடுக்க வைத்தார்கள். கோடு மறுபடி ஏறியது. தாயின் பாலில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

தண்ணீர் கூடிப்போனால் வேறொரு ஆபத்தும் உண்டு. சின்னப் பிள்ளையின் சிறுநீரகத்தால் மேலதிக நீரை விரைவாக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். எந்த மூலிகையைப் போட்டு அவித்தாலும் இது பொருந்தும்.

இனி மூலிகைகளுக்கு வருவோம். பெருஞ்சீரகத் தேநீரை நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைப்பதில்லை, போதிய தரவு இல்லை என்பதால். பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ இன்னும் சிக்கலானது. அதற்கு ஜப்பானிய இனம் ஒன்று உண்டு, அது நஞ்சு. காய்ந்த பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது. 2003இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அன்னாசிப்பூத் தேநீர் குடித்துப் பாதிக்கப்பட்ட சுமார் 40 பேரைச் சுட்டி எச்சரித்தது. அவர்களில் ஏறக்குறைய 15 பேர் கைக்குழந்தைகள். வசம்பை அதே நிர்வாகம் 1968இலேயே உணவில் சேர்க்கக்கூடாது என்று தடுத்துவிட்டது. வேப்பெண்ணெய் பருக்குவதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். சில மில்லிலீற்றர் உள்ளே போன குழந்தைகளுக்குச் சில மணி நேரத்திலேயே சத்தி, மயக்கம், வலிப்பு வந்து ஈரல் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

புறக்கோட்டை கேபோஸ் லேனில் கட்டித் தரும் கலவைப் பக்கட்டுகளைச் சிலர் என் மேசையில் வைத்து, "இது சரியா?" என்று கேட்பார்கள். கடதாசியில் கொட்டிப் பார்ப்பேன். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் தெரியும், மரமஞ்சள் தெரியும். மிச்சம் பட்டைத் துண்டும் தூளும். எனக்கு அடையாளம் தெரியாததை மூன்று மாதப் பிள்ளைக்குக் கொடு என்று எப்படிச் சொல்வேன்? பெரியவர்களுக்கான உடனடிப் பானப் பக்கட்டுகளும் இப்படித்தான். சீனி இருக்கும், பலவற்றில் அதிமதுரமும் இருக்கும். அதிமதுரம் அளவு கூடினால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். ஆயுர்வேதமோ சித்தமோதான் வேண்டும் என்றால் பதிவு செய்த வைத்தியரிடம் பிள்ளையை நேரில் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பக்கட்டை வாங்காதீர்கள்.

தேன் பற்றிச் சுருக்கமாக: ஒரு வயதுக்கு முன் இல்லை, நாக்கில் தடவுவதும் இல்லை. அதில் இருக்கக்கூடிய, தசைகளைச் செயலிழக்க வைக்கும் பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் கொதிக்கிற கொத்தமல்லித் தண்ணீரிலும் சாகாது.

கொழும்பில் இருந்துகொண்டு டெங்குவைச் சொல்லாமல் விட முடியாது. காய்ச்சல் பிள்ளைகளுக்குப் பழுப்பு, சிவப்பு நிறப் பானங்கள் வேண்டாம் என்று நாங்கள் சொல்வது வெறும் பத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். டெங்குவில் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் சத்தி கோப்பித்தூள் நிறத்தில் வரும். இரவு பத்து மணிக்குப் பிள்ளை பழுப்பாகச் சத்தி எடுத்தால், அது இரத்தமா, சாயந்தரம் குடித்த கொத்தமல்லியா? வீட்டிலும் தெரியாது, வைத்தியசாலையில் எங்களுக்கும் தெரியாது. இளநீர், கஞ்சி, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புக் கரைசல்) என்று வெளிர் நிறத்தில் கொடுங்கள். எவ்வளவு குடித்தது, எத்தனை தடவை சிறுநீர் போனது என்று எழுதி வையுங்கள். அந்தத் துண்டு எனக்கு மிகவும் உதவும். பப்பாசி இலைச் சாறு பருக்கிச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து பரசிட்டமோல் மட்டும்தான், அதுவும் நிறைக்கு ஏற்ற அளவில்.

சரி, எப்போது கொடுக்கலாம்? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குச் சாதாரணத் தடிமன் என்றால், தனிக் கொத்தமல்லியை நன்றாகக் கழுவி, மெல்லிதாக அவித்து, வடித்து, ஆறவைத்து, கால் கோப்பைக்குள் கொடுக்கலாம். ஓரிரு நாள் போதும். சீனி போடாதீர்கள். காலையில் அவித்ததை இரவுவரை பிளாஸ்கில் வைக்காதீர்கள். போத்தலில் ஊற்றி வாயில் வைத்துத் தூங்கவிடவும் வேண்டாம், கோப்பையாலோ கரண்டியாலோ கொடுங்கள். அப்புறம், பிளேன்டீயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சோற்றோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அடுப்பை மூட்டிக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு வாங்குதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் எழும்பாத தூக்கம், வலிப்பு என்றாலும் அப்படித்தான். வாகனம் இல்லை என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். ஏதாவது பருக்கிய பிறகு இப்படி ஆனால் விரலை விட்டுச் சத்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்சப் பக்கட்டையும் அவித்த சட்டியில் கிடக்கும் சக்கையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எதைக் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை கரண்டி என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். கொடுத்தவர் அப்பம்மா என்றால் அவரையே கூட்டிவாருங்கள், நாங்கள் ஏச மாட்டோம்.