4625-க்குப் பின் ஒரு 4624

சைபர் பாதுகாப்பு வேலைக்கு ஆள் எடுக்க உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது சான்றிதழை அல்ல. அச்சிட்ட தாள் ஒன்றை மேசையில் நகர்த்துவேன். விண்டோஸ் சர்வர் ஒன்றின் பாதுகாப்புப் பதிவுகள், முப்பது வரி. ஒரே ஐபி முகவரி (வலையமைப்பில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்), ஒரே பயனர் பெயர். 4625 என்ற எண் மட்டும் சில விநாடிக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருக்கும். கடைசி வரியில் 4624.

"இரவு இரண்டு மணிக்கு இது உங்கள் திரையில் வந்தால் என்ன செய்வீர்கள்?"

4625 என்றால் உள்நுழையப் பார்த்துத் தோற்றது. 4624 என்றால் உள்ளே வந்தாகிவிட்டது. எண்கள் தெரியாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். அப்படியும் பலர் விழிக்கிறார்கள். 'எத்திகல் ஹேக்கிங்' (அனுமதியோடு ஊடுருவி ஓட்டை தேடுவது) என்று பலகை மாட்டிய பயிற்சி மையத்தில் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் அந்த மௌனத்தில் தெரியும். எனக்குக் கோபம் அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை.

சான்றிதழ்த் தேர்வுக் கட்டணங்கள் டாலரில் இருக்கின்றன, சிலவற்றுக்கு ஆயிரம் டாலருக்கும் மேல். நம் ஊரில் அதைச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு கட்டலாம். முடிந்தால் நிறுவனமே கட்டட்டும். தொடங்குவதற்கு 8 ஜிபி நினைவகமுள்ள பழைய லேப்டாப் போதும். லினக்ஸ் கட்டளைகளுக்கு ஓவர்தவயர் தளத்தின் 'பாண்டிட்' விளையாட்டு, இணையதளங்களின் பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் போர்ட்ஸ்விக்கரின் வெப் செக்யூரிட்டி அகாடமி: இரண்டும் இலவசம். பயிற்சிக்காக வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்துவைத்த மெட்டாஸ்ப்ளாய்டபிள் என்ற மாதிரிக் கணினியை, லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸ் மென்பொருளில் ஏற்றித் தாக்குங்கள். வலையமைப்பில் போய்வரும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து, தாக்கும்போது கம்பியில் என்ன போகிறது என்றும் பாருங்கள். இந்த இரண்டாவது வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2019-இல் இன்ஸ்டாகிராமில் கண்டுபிடித்த ஓட்டையை நான் அடிக்கடி சொல்வேன். கடவுச்சொல்லை மாற்ற வரும் ஆறு இலக்க எண் பத்து நிமிடம் செல்லும். மொத்தம் பத்து லட்சம் வாய்ப்புகள். ஒரே முகவரியிலிருந்து நிறைய முயன்றால் தடுத்துவிடுவார்கள். அவர் ஆயிரம் முகவரிகளிலிருந்து இரண்டு லட்சம் கோரிக்கைகளைத் தடைபடாமல் அனுப்பிக் காட்டினார். பரிசு 30,000 டாலர். கூட்டல் பெருக்கலும் பொறுமையும்தான் மூலதனம்.

ஆனால் அந்த நிறுவனம் ஓட்டை தேடுவோருக்கு முன்பே விதிமுறை போட்டு அனுமதி கொடுத்திருந்தது. ஒரு தம்பி நேர்காணலுக்கு வந்து, தான் படித்த கல்லூரியின் தளத்துக்குள் புகுந்து எடுத்த மதிப்பெண் பட்டியலைப் பெருமையாகக் காட்டினான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறை என்று சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. திறமைசாலிதான், எடுக்க முடியவில்லை.

முதல் வேலை பெரும்பாலும் பாதுகாப்பு எச்சரிக்கைகளைக் கண்காணிக்கும் இரவுப் பணிதான். வரும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் வெற்று மணியோசை. மீதியில் ஒன்று உண்மையானால், 2022 ஏப்ரல் உத்தரவுப்படி இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எனவே நடந்ததை நான்கு வாக்கியத்தில், பிழையில்லாத எளிய ஆங்கிலத்தில் எழுதப் பழகுங்கள். இதில் தடுக்கி விழுந்த நல்ல கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், சான்றிதழ் எதுவும் இல்லை. தாளை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், முந்தின நாள் யாராவது பாஸ்வேர்டை மாற்றினார்களா? பழையதை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு புரோகிராம் தானாக முயன்றுகொண்டிருக்கலாம் இல்லையா? யாரைப் போனில் எழுப்பிக் கேட்க வேண்டும்?"

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குச் சேரச் சொன்னேன்.