சொல் விளக்கம்: சார்ஜ் – மின்னேற்றம்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அன்றைக்குக் கர்ண மோட்சம். கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுக் களத்துக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, சட்டையில் மாட்டியிருந்த மைக் செத்துப்போனது.

"என்னாச்சுப்பா?" என்றார் வாத்தியார்.

"சார்ஜ் ஏறலீங்க வாத்தியாரே. சாயந்தரம் கரண்ட் இல்லைங்க."

கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் விடுவாரா? "மவராசா, மைக்குக்கு சார்ஜ் இறங்கிடுச்சாம். எனக்கும்தான் இறங்கிடுச்சு. ஒரு டீ ஏத்தினா நான் விடிய விடியப் பேசுவேன். அதைப் பத்திதான் தெரியலை."

கூட்டம் சிரித்தது. எனக்கு அந்த வினைச்சொற்கள்தான் காதில் நின்றன. சார்ஜ் ஏறுகிறது, சார்ஜ் இறங்குகிறது. பெயர்ச்சொல்லை மட்டும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு, அது செய்யும் வேலைக்கு நம் சொல்லையே வைத்திருக்கிறோம். அப்படியானால் இதன் தமிழ்ச் சொல்லைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

முதலில் சார்ஜ் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவது 'கர்ரிகாரே'. அது பழைய பிரெஞ்சில் சார்ஜ் ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கார் என்ற சொல்லும் அதே கர்ருஸிலிருந்துதான் கிளம்பியது. ஆக, காருக்கு சார்ஜ் போடுகிறோம் என்றால், வேரைத் தொட்டுப் பார்க்கையில், வண்டியில் சுமை ஏற்றுகிறோம் என்றுதான் பொருள். கப்பல் சரக்கைக் குறிக்கும் கார்கோவும் இந்தக் குடும்பம்தான். கேரிகேச்சர் எனப்படும் கேலிச்சித்திரமும் இத்தாலிய மொழி வழியாக வந்த பங்காளி. உள்ளதற்கு மேல் பாரம் ஏற்றிக் காட்டுவது. கட்டியக்காரன் ராத்திரி முழுக்கச் செய்வதும் அதுதானே.

சுமை என்ற இந்த ஒரே கருத்திலிருந்துதான் சார்ஜின் மற்ற பொருள்களும் கிளைத்தன. பணச்சுமை என்றால் கட்டணம், பஸ் சார்ஜ். வேலைச்சுமை என்றால் பொறுப்பு. புது அதிகாரி சார்ஜ் எடுத்துக்கொண்டார். பழிச்சுமை என்றால் குற்றச்சாட்டு. சார்ஜ் ஷீட்டைக் குற்றப்பத்திரிகை என்று நம் செய்தித்தாள்கள் எப்போதோ மாற்றிவிட்டன. இவை ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச் சொல் இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் சார்ஜ் என்பது நம் சோம்பல் என்றுதான் எனக்குப் படுகிறது.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் வந்தது துப்பாக்கி வழியாக. குழலில் வெடிமருந்து கெட்டிப்பதும் சார்ஜ்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக் குடுவைகளில் மின்சாரத்தைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, அது மருந்து கெட்டித்து வெடிக்கக் காத்திருக்கும் துப்பாக்கி மாதிரி தோன்றியிருக்கிறது. பேட்டரி என்பதும் அப்படித்தான். வரிசையாக நிறுத்திய பீரங்கிகளின் பெயரை, வரிசையாக இணைத்த அந்தக் கண்ணாடிக் குடுவைகளுக்குப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1749இல் வைத்தார். நம் 'மின்கலம்' எவ்வளவோ சாது. கலம் என்றால் பாத்திரம், அவ்வளவுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். ஏறு என்பது தன்வினை, ஏற்று என்பது பிறவினை, ஏற்றம் என்பது பெயர். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூரில் லாரிகள் முக்கிக்கொண்டு ஏறுவது ஏற்றம். கோயிலில் கொடியேற்றம். பெரியவர்களுக்கு ஏற்றம் என்றதும் கிணறுதான் நினைவுக்கு வரும். நெடுமரத்தின் மேல் ஓர் ஆள் முன்னும் பின்னும் நடக்க, இன்னோர் ஆள் கோலைப் பிடித்துச் சால் நீரைத் தூக்கி ஊற்ற, பாட்டிலேயே எண்ணிக்கை ஓடும். ஓசூர்ப் பக்கம் மூன்று மொழியும் கலந்து புழங்குகிறார்கள் அல்லவா, அங்கே கன்னடக்காரர் இதை 'ஏத்த' என்பார், தெலுங்குக்காரர் 'ஏத்தமு' என்பார். எல்லாம் ஒரே வேர்.

கூத்துக்கும் இந்தச் சொல் பழையது. புதிதாக வேடம் கட்டுபவருக்கு அரங்கேற்றம். சிலப்பதிகாரத்திலேயே அரங்கேற்று காதை இருக்கிறது. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. 'வேடம் ஏற்றார்' என்பதில் உள்ளது வேறு சொல். அது ஏல், அதாவது வாங்கிக்கொள்வது. 'வேடம் ஏற்றார்' என்கிறோம், ஆனால் 'விளக்கை ஏற்றினார்', 'நாடகத்தை அரங்கேற்றினார்' என்கிறோம். இறந்தகாலத்தில் சொல்லிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

கூத்தில் எனக்குப் பிடித்த ஏற்றம் அர்ச்சுனன் தபசு. பாசுபத அஸ்திரம் வாங்கப் போகும் அர்ச்சுனன், நட்டு வைத்த நெடிய தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். ஏறி, உயரத்தில் வலிமை சேர்த்துக்கொண்டு, போருக்காக இறங்கி வருவது. பேட்டரியின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

எப்படி என்றால், பேட்டரிக்குள் மின்சாரத்தைப் புதிதாகக் கொட்டி நிரப்புவதில்லை. லித்தியம் அயனி பேட்டரியில் லித்தியம் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. பிளக்கைச் சொருகியதும் அந்த அயனிகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, மறுபக்கத்தில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. அவை தாமாகப் போகாது. நாம் கொடுக்கும் மின்சாரம்தான் மேட்டுக்குத் தள்ளுவதுபோல் தள்ளுகிறது. வண்டி ஓடும்போது அவை பழைய இடத்துக்கு இறங்குகின்றன, அந்த இறக்கம்தான் மோட்டாரைச் சுற்றுகிறது. பள்ளத்து நீரை மேலே தூக்கிவிட்டால் வாய்க்காலில் தானாக ஓடும் அல்லவா, அதே கணக்கு. ஸ்கூட்டரில் 3 கிலோவாட் மணி பேட்டரி இருந்தால் 3 யூனிட் ஏறும். வழியில் சூடாகப் போகும் சேதாரம் சேர்த்து மீட்டரில் கொஞ்சம் கூடவே ஓடும். ஏற்றத்திலும் சாலிலிருந்து தண்ணீர் சிந்தத்தானே செய்யும்.

அதனால்தான் சார்ஜைவிட மின்னேற்றம் பொருத்தமான சொல் என்கிறேன். ஆங்கிலச் சொல்லில் வண்டியில் மூட்டை ஏற்றுவது மட்டும்தான் இருக்கிறது. தமிழில் மூட்டையை ஏற்றுவதும் மேலே உயர்த்துவதும் ஒரே சொல்.

பள்ளிப் பாடநூல் படித்தவர்கள் 'மின்னூட்டம் இருக்கிறதே' என்று கேட்பார்கள். நல்ல சொல்தான். ஆனால் பாடநூலில் அது எலக்ட்ரானிடம் இருக்கும் பண்பைக் குறிக்கிறது, கூலூம் என்ற அலகால் அளப்பது. அதை அங்கேயே விட்டுவிடலாம். ஸ்கூட்டருக்குச் செய்யும் வேலையை மின்னேற்றம் என்றால் இரண்டும் குழம்பாது. இலங்கைத் தமிழில் அந்தப் பண்பையும் ஏற்றம் என்பார்கள். அதிலும் தவறில்லை. பேட்டரியைப் பற்றித்தான் பேச்சு என்றால் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இந்தச் சொல்லை இந்த மாவட்டத்தில் உட்கார்ந்து யோசிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் வந்த ஓசூரில்தான் இன்றைக்கு அந்த நிறுவனத்தின் ஐக்யூப் மின் ஸ்கூட்டரும் உருவாகிறது. ஏத்தர் மின் ஸ்கூட்டர் ஆலையும் ஓசூரில்தான். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் ஆலை 2021இலிருந்து இருக்கிறது. பெங்களூரில் சத்தமில்லாமல், புகையில்லாமல் ஓடும் வண்டிகளில் பல நம் ஊர்ப் பிள்ளைகள் ஷிஃப்ட் போட்டுக் கோத்தவை. வண்டி இங்கே பிறக்கிறது, அதன் சொல் மட்டும் ஏன் வெளியூரில் பிறக்க வேண்டும்?

ஏற்றம் இருந்தால் இறக்கமும் உண்டு. பேட்டரி காலியாவது மின்னிறக்கம். மின் ஸ்கூட்டரில் ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு இறங்கி வந்தால் இதில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். சரிவில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைப் பிடித்து, அந்தச் சக்தியில் ஒரு பங்கை பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். சாலை இறங்க, சார்ஜ் ஏறும். ஓசூரிலேயே நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மட்டும் இந்த லாபம் கிடைக்காது. நிறைந்த கலத்தில் மேலும் எதை ஊற்றுவது?

கூத்து மேடையும் இப்படி ஒவ்வொரு விளக்காக மாறித்தான் வந்திருக்கிறது. தீவட்டி போய் கேஸ் லைட் வந்தது. பெட்ரோமாக்ஸ் என்ற அதன் பெயர் பெட்ரோலியத்தோடு, பெர்லினில் அதைத் தயாரித்த மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் பெயரும் சேர்ந்தது. அதற்கும் பம்ப் அடித்துக் காற்று ஏற்ற வேண்டும். அப்புறம் டீசல் ஜெனரேட்டர் வந்து முகவீணை என்ற ஊதுகுழலின் குரலை அமுக்கியது. இப்போது பேட்டரியில் எரியும் எல்இடி வந்தபிறகு முகவீணை மறுபடி கேட்கிறது, சாயந்தரம் யாராவது மறக்காமல் பிளக்கைச் சொருகியிருந்தால்.

இதையொட்டிய சொற்களையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜர் என்றால் மின்னேற்றி. சார்ஜிங் ஸ்டேஷன் என்றால் மின்னேற்று நிலையம். ஃபாஸ்ட் சார்ஜிங் என்றால் விரைவு மின்னேற்றம். பேச்சில் 'வண்டிய ஏத்தத்துல போட்டிருக்கேன்' என்று யாரும் சொல்லப்போவதில்லை, சொல்லவும் வேண்டாம்; 'சார்ஜ் ஏத்து' என்பதே பேச்சுக்குப் போதும். பலகையிலும் பத்திரிகையிலும் எழுதும்போதுதான் மின்னேற்றம் தேவை.

போன வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு பெட்டிக்கடைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: 'இங்கு வண்டிக்கு சார்ஜ் ஏற்றப்படும்.' எழுதியவர் முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டார்.